நெடுந்தாங்கல் பள்ளியின் புதுக் கட்டிடம்

நெடுந்தாங்கல் முதலில் ஏரியாக இருந்தது, பிறகு ஏரிக்கரையாக இருந்தது, பிறகு விமான நிலையத்துக்கு மிக அருகில் என்று விளம்பரம் செய்யப்பட்ட மனைப்பிரிவாக இருந்தது, இப்போது தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் புறநகராக இருக்கிறது; இத்தனை பிறவிகளிலும் அதற்கு ஓர் அரசுப் பள்ளி இருந்தது, அந்தப் பள்ளிக்கு எந்தப் பிறவியிலும் போதிய இடம் இருந்ததில்லை. ஆதியில் அது மீன் ஏலக் கொட்டகையில் காலை ஏலம் முடிந்து தரையைக் கழுவிவிட்ட பிறகு நடந்தது. அப்போது படித்தவர்களுக்கு உயிரெழுத்துகளைச் சொன்னால் இன்றும் கெளுத்தி வாசம் வரும் என்பார்கள். பிறகு செங்கல் சூளைக்காரர் ஒருவர் ஆண்பிள்ளை பிறந்த மகிழ்ச்சியில் ஓட்டுக் கட்டிடம் ஒன்று கட்டிக் கொடுத்தார். அந்தப் பிள்ளை அதில் காலெடுத்து வைக்காமல் கான்வென்ட்டுக்குப் போய்ப் படித்தது. அதன் பிறகு கல்நார்க் கூரைக் கொட்டகை ஒன்று, சத்துணவுக்கூடம் ஒன்று, தண்ணீர் வராத கழிப்பறை ஒன்று. எல்லாவற்றுக்கும் திறப்பு விழாக் கல் உண்டு. வட்டாரத்தின் மற்றப் பள்ளிகளைப் போலவே இங்கும் கட்டிடங்கள் விழுந்தன, கற்கள் நின்றன. பிள்ளைகள் பழைய அமைச்சர்களின் பெயர்களை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கவே கற்றுக்கொண்டார்கள்.

ஓட்டுக் கட்டிடம் பயன்படுத்தத் தகுதியற்றது என்று சான்று வாங்கி இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் மாடி வைத்த புதுக் கட்டிடம் வரும் என்றார்கள். முதலில் கல் வந்தது. ஓர் அமைச்சர் வந்து திரையை விலக்கினார், நாகஸ்வரம் வாசித்தார்கள், கேசரி கொடுத்தார்கள், எல்லோரும் போனார்கள். கட்டிடம் வரவில்லை. மழைக்காலம் வந்தது, தேர்வு வந்தது, கோடை விடுமுறை வந்தது, கட்டிடம் மட்டும் வரவில்லை. நான்காம் வகுப்பு ஆசிரியை சந்தானலட்சுமி டீச்சர் சைக்கிள் கொட்டகையில் ஒரு தூணில் கரும்பலகையைச் சாய்த்து வைத்துப் பின்னம் நடத்தினார். பின்னத்தில் மேலே இருப்பது எத்தனை, கீழே இருப்பது எத்தனை என்று கேட்டால் பிள்ளைகள் மேலே வெயில், கீழே எறும்பு என்றன. டீச்சருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அந்தப் பதிலுக்கு மதிப்பெண் போடவில்லை. அந்த விஷயத்தில் அவர் கண்டிப்பானவர்.

பள்ளி திறந்த ஜூன் மாதத்தில் ஒரு நாள், மூன்றாம் வகுப்புப் பையன்கள் வெற்று மைதானத்தை நோக்கி எறிந்த ரப்பர் பந்து, பாதி வழியில் காற்றில் மோதித் திரும்பி வந்தது. பிள்ளைகள் ஆச்சரியப்படவில்லை. ஒரு வாரம் அதை வைத்துக் கேட்ச் பிடித்துப் பழகினார்கள். யாரிடமாவது சொன்னால் பெரியவர்கள் வந்து கெடுத்துவிடுவார்கள் என்று தெரிந்ததால் சொல்லவில்லை. கடைசியில் சத்துணவு ஆயா குண்டானோடு குறுக்கு வழியில் நடந்து, இல்லாத சுவரில் இடித்துக்கொண்டு, சாம்பாரோடு உட்கார்ந்ததில்தான் ஊருக்குத் தெரிந்தது.

கட்டிடம் வந்திருந்தது. தொட்டால் இருந்தது, தட்டினால் ஒலித்தது, மழையில் உள்ளே நனையவில்லை. பார்த்தால் மட்டும் இல்லை. தலைமையாசிரியர் ஞானசிகாமணி கைகளை முன்னே நீட்டியபடி அதைச் சுற்றி வந்தார், வாசலைக் கண்டுபிடித்தார், படிகளைக் கண்டுபிடித்தார், கீழே மூன்று அறை மேலே மூன்று அறை என்று அறிவித்தார். வட்டாரக் கல்வி அலுவலர் வந்து உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். ஊரே வாயைப் பிளந்துகொண்டு நின்றபோது அவர் ஒருவருக்குத்தான் வியப்பில்லை. அலுவலகத்தைப் பொறுத்தவரை அது போன வருடமே கட்டி முடிக்கப்பட்டிருந்தது.

"இதுக்கா போன் பண்ணீங்க? பில்டிங் இருக்குன்னுதானே நாங்களும் சொல்லிட்டு இருக்கோம்" என்றார்.

அது எங்கிருந்து வந்தது என்று யாரும் அதிகம் ஆராயவில்லை. சொர்க்கத்திலிருந்து வந்தது என்று சொல்ல முதலில் சிலர் ஆசைப்பட்டார்கள். ஆனால் மாடிப்படியில் நான்காவது படி மற்றவற்றைவிட உயரமாக இருந்து ஏறுபவர் எல்லோரையும் தடுக்கியது, ஜன்னல்கள் ஒன்றுக்கொன்று மட்டத்தில் இல்லை, கழிப்பறைக்குக் குழாய் இருந்ததே தவிரத் தொட்டி இல்லை. தேவலோகத்துத் தச்சன் இப்படிக் கட்டமாட்டான். ஒப்பந்தக்காரர் தங்கப்பிரகாசம் கட்டாமல் விட்ட கட்டிடம்தான் தானாக எழுந்து வந்திருக்கிறது, அவர் கட்டியிருந்தால் எப்படிக் கட்டியிருப்பாரோ அப்படியே வந்திருக்கிறது என்பது இரண்டொரு நாளில் எல்லோருக்கும் புரிந்தது. புரிந்ததும் நிம்மதியாகிவிட்டார்கள். தெரிந்த மனிதரின் வேலை.

ஊர் அதனோடு பழகியது. மின்வாரிய ஆள் கையால் தடவித் தடவி வயர் இழுத்தார். ஆகாயத்தில் மின்விசிறிகள் சுற்றின. வாசலில் மாவிலை கட்டினார்கள், அது காற்றில் தோரணமாகத் தொங்கியது. அந்தரத்தில் பல்லி ஓடியது. அது எந்தத் திசைச் சுவர் என்று தெரியாததால் பலன் சொல்ல முடியாமல் ஜோசியர் திணறினார். மாடியில் உட்கார்ந்து படிக்கும் பெண்பிள்ளைகளுக்காகத் தரை முழுக்க ஜமுக்காளம் விரிக்கப்பட்டது, கீழிருந்து பார்த்தால் அது பறக்கும் கம்பளம்போல் இருந்தது. கரும்பலகையும் கண்ணுக்குத் தெரியாததால் சாக்பீஸ் எழுத்துகள் காற்றில் நின்றன, எதிரே டீக்கடையில் இருப்பவர்களுக்கு அவை இடவலம் மாறித் தெரிந்தன. அங்கே தினமும் உட்கார்ந்தவர்கள் ஆவணி மாதத்துக்குள் இடவலம் மாறிய எழுத்தைத் தடையில்லாமல் வாசித்தார்கள், செய்தித்தாளை வாசிக்கத்தான் சிரமப்பட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே தம் பிள்ளை படிக்கிறதா தூங்குகிறதா என்று பெற்றோர் பார்த்துக்கொள்ள முடிந்தது. எந்தத் தனியார் பள்ளியிலும் இந்த வசதி இல்லை. ஆங்கிலப் பள்ளிகளிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள், பெஞ்சுகள் போதவில்லை, ஞானசிகாமணி சாரின் நடையில் ஒரு மிதப்பு வந்தது.

ஒப்பந்தக்காரரும் ஒரு நாள் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தன் தம்பி பேத்தி நான்காம் வகுப்பில் படிப்பதைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். சந்தானலட்சுமி டீச்சர் பாடம் நடத்திக்கொண்டே அவரைக் கவனித்தார். அவர் பேத்தியைப் பார்க்கவில்லை. விரல் முட்டியால் சுவரைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், நான்கு அடி தள்ளிப் போய் மறுபடி தட்டினார்.

"காத்து நல்லா வருது டீச்சர்" என்றார்.

"வருது சார். ஃபேனே தேவையில்ல."

மறுநாள் அந்தப் பேத்திக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்றிலிருந்து டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைகளின் தட்டில் நறநறவென்று எதுவோ கடிபட்டது; அரிசியில் கல் என்று ஆயாவைத் திட்டினார்கள், கல்லைக் காட்டச் சொன்னால் யாராலும் காட்ட முடியவில்லை. புரட்டாசியில் ஒரு காலை அவர் வகுப்புக்குள் நுழைந்தபோது, சிவப்பு எறும்புகள் ஒரு சாரியாக அந்தரத்தில் போய்க்கொண்டிருந்தன. கூரையின் மூலையிலிருந்து சரிவாக இறங்கி, ஜன்னலுக்கு மேலே வளைந்து, இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை தரைவரை வந்தது. டீச்சர் நாற்காலி மேல் ஏறி எறும்பு போகும் வழியில் விரலை வைத்தார். விரல் உள்ளே போனது.

அவர் ஞானசிகாமணி சாரை அழைத்துவந்து காட்டினார். எறும்புப் பொடி போடச் சொன்னார் சார். டீச்சர் உதவிப் பொறியாளரை வரவழைத்தார். பொறியாளர் இளைஞர், நல்லவர், அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது அவருக்கு.

"மேடம், விரிசல்னா நான் போட்டோ எடுத்து வைக்கணும். இதுல எறும்புதான் விழும்."

"விரலை விட்டுப் பாருங்க தம்பி."

அவர் விட்டுப் பார்த்தார். முகம் மாறியது. அவசரமாக வெளியே எடுத்துக்கொண்டார். "என் விரல் சொல்றத நான் எழுத முடியாது மேடம். கண்ணுக்குத் தெரியணும். தெரிஞ்சா அன்னைக்கே பூட்டிடலாம்."

கண்ணுக்குத் தெரியணும். அந்த வார்த்தையை டீச்சர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார், மறுநாள் திரும்பி வரும்போது வழியைக் கண்டுபிடித்திருந்தார். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தால் சுவர் தெரியும். சுவர் தெரிந்தால் விரிசல் தெரியும், வெள்ளைத் துணியில் கறுப்பு நூல் மாதிரி. சரஸ்வதி பூஜைக்குப் பள்ளிக்கு வெள்ளையடிப்பது நெடுந்தாங்கலில் வழக்கமும்கூட. சார் உடனே சம்மதித்தார். பெற்றோரில் பெயிண்டர் ஒருவர் இருந்தார், டில்லிபாபு, நான்காம் வகுப்பு தர்ஷினியின் அப்பா. கூலி வேண்டாம் என்றார்.

"எம் பொண்ணு படிக்கிற ஸ்கூலு டீச்சர். கல்யாண ஊடு மாரி ஆக்கிக் குடுக்கறேன், பாரு."

"வெறும் சுண்ணாம்பு போதும் டில்லிபாபு. சுவர் தெரிஞ்சா போதும்."

"இன்னா டீச்சர், நம்ம வேலயப் பத்தித் தெரியாமப் பேசற!"

எதற்காக வெள்ளையடிக்கிறோம் என்று டீச்சர் அவரிடம் சொல்லவில்லை. விரிசல் என்ற வார்த்தை ஊருக்குள் போனால் சார் வேலையை நிறுத்திவிடுவார் என்று பயந்தார். விடுமுறை தொடங்கியது. வெள்ளிக்கிழமை டீச்சர் அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு, திங்கட்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, மைதானத்தில் பள்ளிக்கூடம் நின்றுகொண்டிருந்தது.

நெடுந்தாங்கல் அவ்வளவு அழகான ஒன்றைப் பார்த்ததில்லை. நீலம் கலந்த வெள்ளையில், முட்டை ஓடு மாதிரி வழுவழுவென்று, மூலைக்கு மூலை கூர்மையாக, காவி விளிம்போடு நின்றது. கூரைக்கு மட்டும் அடிக்கவில்லை; படுத்துக்கொண்டு மேகம் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும், அதைக் கெடுக்க வேண்டாம் என்று சார் சொல்லியிருந்தார். ஜனங்கள் வேலைக்குப் போகாமல் நின்று பார்த்தார்கள். டீச்சர் ஓடிப்போய் ஜன்னலுக்கு மேலே தேடினார். விரிசல் இல்லை. எறும்பும் இல்லை. விரலால் தடவினார். பளிங்கு.

டில்லிபாபு பின்னால் வந்து நின்றார். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள், முகமெல்லாம் சிரிப்பு.

"அந்த எடத்த மட்டும் கண்டுபுடிச்சிடு பாக்கலாம்! கை ரெண்டும் உள்ள போச்சு டீச்சர், அம்மாம் பெருசு. எல்லாத்தயும் பட்டி வச்சு அடைச்சு, தேச்சு, அதும்மேல அடிச்சிருக்கேன். கோந்து வேற ரெண்டு பங்கு. வெரிசலோட வெள்ளையடிச்சா பெயிண்டர்னு சொல்லிக்க முடியுமா?"

டீச்சரால் அவரைத் திட்ட முடியவில்லை. அவர் மீது என்ன தப்பு. சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்திருந்தார். அந்த வட்டாரத்தில் ஒரு கட்டிட வேலை ஒழுங்காகச் செய்யப்பட்டது அதுதான் முதல் முறை. பொறியாளர் வந்தார், நீண்ட நேரம் பார்த்தார், டீச்சரின் கண்ணைப் பார்க்காமல், கட்டிடம் நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு டீச்சர் தன் வகுப்பை வெளியே கொண்டுவந்தார். காலையில் மணி அடித்ததும் பிள்ளைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு சைக்கிள் கொட்டகைக்குப் போனார், பழையபடி தூணில் பலகையைச் சாய்த்தார். மற்ற ஆசிரியர்கள் சிரித்தார்கள். சார் விளக்கம் கேட்டு ஓலை கொடுத்தார். பெற்றோர் கூட்டமாக வந்தார்கள், முன்னால் டில்லிபாபு.

"ஊரே மெச்சுது, எம் பொண்ணு மட்டும் வெயில்ல குந்திக்கினு கெடக்குது. ஏன் டீச்சர், எங்க வேலை மேல அவ்ளோ எளக்காரமா?"

"டில்லிபாபு, நீங்க அடைச்ச விரிசல் சுவத்துல இல்ல. கட்டிடத்துல."

"அடைச்சாச்சு இல்ல? அப்பாலே இன்னா?"

"விழும்."

"வாயக் கழுவு டீச்சர்" என்று ஒரு தாய் கத்தினாள். "படிக்கிற எடத்துல பேசற பேச்சா இது?"

அவர்கள் தம் பிள்ளைகளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார்கள். மறுநாள் டீச்சர் மறுபடி வெளியே அழைத்தார். அதற்கு மறுநாள் அவர்கள் மறுபடி உள்ளே கூட்டிப்போனார்கள். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டாயிற்று: வெளியே சந்தானலட்சுமி வகுப்பு, உள்ளே அம்மா அப்பா வகுப்பு. ஐப்பசி பிறந்தது.

வடகிழக்கு மழை நெடுந்தாங்கலுக்கு வரும்போது விருந்தாளியாக வராது, தன் பழைய வீட்டுக்குத் திரும்புகிறவன் மாதிரி வரும். அன்று மதியம் வகுப்பு வெளியே இருந்தது. வானம் கறுத்து ஒரே அடியாகக் கொட்டியது, கொட்டகைக்குள் தண்ணீர் புகுந்தது, புத்தகங்கள் மிதந்தன, எல்லாப் பிள்ளைகளும் மழைக்கு என்ன செய்யுமோ அதையே அந்தப் பிள்ளைகளும் செய்தன: பையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, கூச்சலிட்டுச் சிரித்தபடி, அருகிலிருந்த அழகான கட்டிடத்தை நோக்கி ஓடின. டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தர்ஷினி வராந்தாவில் ஏறிக்கொண்டு திரும்பிப் பார்த்து, "நீங்களும் வாங்க டீச்சர், நனையறீங்க" என்று கையசைத்தாள்.

டீச்சர் கணுக்கால் தண்ணீரில் ஓடினார். இரண்டு பங்குக் கோந்தையும் மீறி மழை சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டிருந்தது. சுவர்களிலிருந்து பால் மாதிரி வழிந்து தெருவெல்லாம் வெள்ளையாக ஓடியது, பள்ளிக்கூடம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது, உள்ளே இருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தெரிய ஆரம்பித்தார்கள். மேல்மாடிப் பிள்ளைகள் ஆகாயத்தில் நின்று மழையை வேடிக்கை பார்த்தார்கள். பிறகு ஜமுக்காளம் நடுவில் மடிந்தது.

சத்தம் விமான நிலையம்வரை கேட்டது என்றார்கள்.

ஊர் ஓடி வந்தபோது இடிபாடு என்று எதுவும் இல்லை. வெற்று மைதானத்தில், ஒரே மழையில், பிள்ளைகள் படுத்துக் கிடந்தார்கள், சிலர் தரையில், சிலர் தரைக்கு ஒரு முழம் மேலே. எல்லோர் முகமும் தெரிந்தது. ஒரு தாய் ஓடிப்போய் மகனைத் தூக்கக் குனிந்தாள். அவள் கை அவன் முகத்துக்கு ஒரு சாண் மேலேயே கான்கிரீட்டில் மோதி நின்றது. அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. மழை பெய்தவரை கான்கிரீட் பலகைகள் எங்கே என்று தண்ணீர் காட்டியது. அது வழிந்த விளிம்புகளைப் பிடித்து ஆண்கள் தூக்கினார்கள், சிலரை எடுத்தார்கள். மழை நின்றது. விளிம்புகள் மறைந்தன. தீயணைப்பு வண்டியோடு கிரேன் வந்து நின்றது, ஓட்டுநர் கொக்கியை ஆகாயத்தில் ஆட்டிக்கொண்டு கேட்டார்: "எதுல மாட்டறது? எங்கன்னு காட்டுங்க!"

டில்லிபாபு மகளின் மேல் கவிழ்ந்து கிடந்தார். இருவருக்கும் நடுவே கூரை இருந்தது. அவள் அவரைப் பார்த்தாள், அவர் அவளைப் பார்த்தார்.

"இங்கதானப்பா இருக்கேன். எடு."

டீச்சர் அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "சுண்ணாம்பு மிச்சம் இருக்கா?"

அவருக்குக் கேட்கவில்லை.

"டில்லிபாபு! சுண்ணாம்பு இருக்கா? பலகைக்கு அடிங்க. கிரேன்காரருக்குத் தெரியணும்."

அவர் எழுந்து சத்துணவுக்கூடத்துக்கு ஓடி வாளியும் வெள்ளையடிக்கும் மட்டையும் கொண்டுவந்தார். விளிம்பிலிருந்து ஆரம்பித்தார். ஒரு மூலை காற்றில் முளைத்தது, ஒரு பக்கம் நீண்டது, இரண்டாவது மூலை வந்தது. அடுத்த இழுப்பில் மகளின் முகம் இருந்தது. அவர் கை நின்றது.

"அப்பா, இன்னா பண்ற?"

"அடிங்க" என்றார் டீச்சர். பிறகு குனிந்து பலகையோடு வாயை வைத்து, "கண்ண மூடிக்கோ தர்ஷினி. சொட்டினா எரியும்" என்றார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். டில்லிபாபு அடித்தார். முகம் வெள்ளைக்குள் போனது. கொக்கி இறங்கி மாட்டியது, ஆள் நீளப் பலகை ஒன்று ஆகாயத்தில் எழுந்தது, தர்ஷினி மூச்சோடு இருந்தாள், ஒரு கால் மட்டும் காலாக இல்லை. அவளை யாரோ தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டில்லிபாபு பின்னால் ஓடவில்லை. வாளியைப் பார்த்தார், பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. டீச்சரைப் பார்த்தார்.

"அடுத்தது யாரு டீச்சர்?"

மைதானம் முழுக்க முகங்கள் இருந்தன. டீச்சர் எழுந்து நின்று, காலையில் வகுப்பில் கூப்பிடும் அதே குரலில், அதே வரிசையில், பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் நின்று காத்திருந்தார். உள்ளேன் டீச்சர் என்று குரல் வந்த இடத்துக்கு டில்லிபாபு ஓடினார், கண்ண மூடிக்கோ என்றார், அடித்தார், கொக்கி இறங்கியது. குரல் மெலிந்து வந்த இடத்துக்கும் ஓடினார். தன் வகுப்புப் பெயர்களும் மற்ற வகுப்புப் பெயர்களும் முடிந்ததும் டீச்சர் மறுபடி முதலிலிருந்து கூப்பிட்டார், இம்முறை பதில் சொல்லாதவர்களை மட்டும், ஒவ்வொருவருக்கும் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருந்து.

வாளி காலியானது. பதில் வராத முகங்களுக்கு யாரும் சுண்ணாம்பு அடிக்கவில்லை. அவை தெரிந்துகொண்டே இருந்தன.